முதன்முறையாக ஐரோப்பாவில் கப்பல் பயணமா? ஏறுவதற்கு முன் இதையெல்லாம் தெரிஞ்சுக்கோங்க!

ஒருமுறை பெட்டியைத் திறந்து துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டால் போதும். ராத்திரி தூங்கி எழுந்தால் ஜன்னலுக்கு வெளியே இன்னொரு நாடு! ஹோட்டல் மாற வேண்டாம், பஸ்ஸில் பெட்டியை ஏற்றி இறக்க வேண்டாம், மூன்று வேளையும் சாப்பாடு தயார். ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க நினைக்கும் குடும்பங்கள் இப்போது குரூஸ் பக்கம் திரும்ப இதுதான் காரணம். வயதான அப்பா அம்மாவையும் சின்னக் குழந்தைகளையும் சேர்த்து அழைத்துப் போவதற்கு இது வசதியான வழியும்கூட.

ஆனால், கப்பல் பயணத்துக்கென்று தனி விதிகள் உண்டு. ரயிலைத் தவறவிட்டால் அடுத்த ரயில் வரும். கப்பலைத் தவறவிட்டால் அது அடுத்த நாட்டுக்குப் போய்விடும்! விசாவில் ஓர் எழுத்து விடுபட்டால் துறைமுக வாசலிலேயே திரும்ப வேண்டியிருக்கும். பல வருட சேமிப்பைப் போட்டுப் போகிற பயணத்தில் இப்படி நடந்தால் தாங்குமா? முதல்முறை போகிறவர்கள் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்தக் கடல்... எந்த மாதம்?

ஐரோப்பியக் கப்பல் பயணங்களைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, மத்தியதரைக் கடல். இதில் மேற்குப் பக்கம் ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி. கிழக்குப் பக்கம் கிரீஸ், குரோஷியா, துருக்கி. இரண்டாவது, வட ஐரோப்பா. நார்வேயின் மலை இடுக்குகளில் கடல் புகுந்து கிடக்கும் ஃபியோர்டுகளும் ஸ்டாக்ஹோம், டாலின் போன்ற பால்டிக் நகரங்களும் இதில் வரும். மூன்றாவது, ரைன், டான்யூப் போன்ற நதிகளில் போகும் சிறிய கப்பல்கள்.

முதல் பயணத்துக்கு மேற்கு மத்தியதரைக் கடலின் 7 இரவுப் பயணம் நல்ல தேர்வு. பார்சிலோனா, மார்செய், ஜெனோவா, ரோம், நேப்பிள்ஸ் என்று கிட்டத்தட்ட தினமும் ஒரு ஊர் வந்துவிடும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஐரோப்பியர்களுக்கே பள்ளி விடுமுறை என்பதால் கூட்டமும் கட்டணமும் அதிகம். ரோமில் வெயிலும் நம்மூர் கத்திரி வெயிலை நினைவுபடுத்தும். மே, செப்டம்பர், அக்டோபர் தொடக்கம் ஆகியவை இதமானவை. நார்வே என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போகலாம். ஆனால், கோடையிலும் அங்கே ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் தேவைப்படும்.

விசா: ‘மல்டிபிள் என்ட்ரி’ கவனம்

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். இப்போது 29 நாடுகளுக்கு இந்த ஒரே விசா செல்லும். ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ், மால்டா, குரோஷியா எல்லாம் இதில் அடக்கம். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு விசா கட்டணம் 90 யூரோ. பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள்களுக்கு முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும் என்பது விதி. கோடை சீசனில் விசா மையத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு என்பதால், இரண்டு மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

எந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது? எந்த நாட்டில் அதிக நாள்கள் இருக்கப் போகிறீர்களோ அந்த நாட்டில். எல்லா நாடுகளிலும் ஒரே அளவு நாள்கள் என்றால், முதலில் நுழையும் நாட்டில். கப்பல் ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் ஹோட்டலில் தங்கும் நாள்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ஏதென்ஸில் கிளம்பி, துருக்கியின் குஷாடாசிக்குப் போய், மறுபடி கிரேக்கத் தீவுக்கு வரும் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். துருக்கி ஷெங்கனில் இல்லை. அதனால், நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறி மறுபடி நுழைகிறீர்கள். மான்டினீக்ரோவின் கோட்டோர் துறைமுகமும் அப்படித்தான். இதற்கு ‘சிங்கிள் என்ட்ரி’ விசா போதாது. ‘மல்டிபிள் என்ட்ரி’ வேண்டும். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஏறுவதாக இருந்தால் பிரிட்டன் விசா தனி. நடுவில் வரும் ஒவ்வொரு நாட்டுக்கும் என்ன விசா வேண்டும் என்று கப்பல் நிறுவனத்திடம் மின்னஞ்சலிலேயே கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ‘கரையில் இறங்கப் போவதில்லை, எனவே விசா வேண்டாம்’ என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

‘ரோம்’ என்று போட்டிருந்தால் அது ரோம் அல்ல!

விளம்பரத்தில் ‘ரோம்’ என்று இருக்கும். ஆனால், ரோமில் கடலே கிடையாது. கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியா என்ற துறைமுகத்தில். அங்கிருந்து ரோமுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ‘ஃப்ளோரன்ஸ்’ என்றால் லிவோர்னோ. அங்கிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். அதே லிவோர்னோவிலிருந்து சாய்ந்த கோபுரம் இருக்கும் பீசா மிகப் பக்கம். ‘பாரிஸ்’ என்றால் லஹாவ்ர், கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் தூரம். ‘பெர்லின்’ என்றால் பால்டிக் கரையில் இருக்கும் வார்னமூண்டே. போய் வருவதற்கே ஆறு மணி நேரம் போய்விடும்.

வெனிஸ் கதை இன்னும் சுவாரஸ்யம். பழைய நகரத்தின் அஸ்திவாரத்துக்கு ஆபத்து என்ற கவலையால், 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்கள் செயின்ட் மார்க் சதுக்கத்தின் முன்னால் போகத் தடை. இப்போது பல கப்பல்கள் ராவென்னா, ட்ரியெஸ்டே போன்ற ஊர்களில் நிற்கின்றன. ராவென்னாவிலிருந்து வெனிஸுக்கு சாலை வழியாகவே இரண்டு மணி நேரம் ஆகும்.

எனவே, பணம் கட்டும் முன் பயணத் திட்டத்தில் ஊர்ப் பெயரைப் பார்க்காதீர்கள். துறைமுகத்தின் பெயரையும் கப்பல் அங்கே எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதையும் பாருங்கள்.

டிக்கெட் விலை முழுச் செலவு அல்ல

கேபின், பொது உணவகச் சாப்பாடு, நீச்சல் குளம், இரவு நிகழ்ச்சிகள், குழந்தைகளுக்கான விளையாட்டு அறை. பெரும்பாலான கப்பல்களில் டிக்கெட்டில் அடங்குவது இவ்வளவுதான். மதுபானம், குளிர்பானம், சிறப்பு உணவகங்கள், வைஃபை, சலவை, மசாஜ், கரையில் சுற்றிப் பார்க்கும் டூர் எல்லாம் தனிக் கட்டணம். சில ஐரோப்பியக் கப்பல்களில் இரவுச் சாப்பாட்டு மேஜையில் வைக்கும் தண்ணீர் பாட்டிலுக்குக்கூட பில் வரும். கேட்டுவிட்டுத் திறங்கள்!

முக்கியமானது, டிப்ஸ். பல நிறுவனங்கள் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று தலைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தானாகவே பில்லில் சேர்த்துவிடும். ஒரு நாளைக்கு 12 யூரோ என்று வைத்துக்கொண்டாலும், கணவன் மனைவி இருவருக்கு 7 இரவுகளுக்கு 168 யூரோ. இது டிக்கெட்டில் சேர்ந்ததா, இல்லையா என்று முதலிலேயே கேளுங்கள். கிரீஸ் அரசு 2025 ஜூலை முதல் கப்பல் பயணிகளிடம் தனிக் கட்டணம் வசூலிக்கிறது. சாண்டோரினி, மைக்கோனோஸ் தீவுகளில் கோடை சீசனில் இது தலைக்கு 20 யூரோ.

இந்தியாவில் டூர் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ் வரி பிடிப்பார்கள். அந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம்.

கேபின் எங்கே எடுப்பது?

ஜன்னல் இல்லாத உள் அறைதான் விலை குறைவு. பகல் முழுவதும் ஊர் சுற்றிவிட்டுத் தூங்க மட்டுமே வருகிறவர்களுக்கு அது போதும். ஆனால், விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. மூச்சு முட்டுவது போல் உணர்பவர்கள் தவிர்க்கலாம். நார்வே பயணத்துக்கு மட்டும் முடிந்தால் பால்கனி அறை எடுங்கள். அங்கே வழியெல்லாம் காட்சிதான்.

தலைசுற்றல், வாந்தி பயம் இருப்பவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் அறை கேளுங்கள். ஊஞ்சலின் நடுவில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும் அல்லவா, அதே கணக்குதான். வயதானவர்களுக்கு லிஃப்ட் பக்கத்தில் அறை இருந்தால் நடை மிச்சம். நடன அரங்குக்கு நேர் மேலே, கீழே உள்ள அறைகள் வேண்டாம்.

பெட்டியில் எது வேண்டும், எது வேண்டாம்?

நம்மவர்கள் வெளிநாடு என்றதும் முதலில் எடுத்து வைப்பது எலெக்ட்ரிக் கெட்டிலும் சின்ன ரைஸ் குக்கரும்தான். கப்பலில் இரண்டுக்கும் அனுமதி இல்லை. அயர்ன் பாக்ஸும் அப்படியே. கடலுக்கு நடுவில் தீ விபத்துதான் மிகப் பெரிய ஆபத்து என்பதால், பெட்டியை ஸ்கேன் செய்து இவற்றை எடுத்து வைத்துவிடுவார்கள். பயணம் முடிந்ததும்தான் திரும்பக் கிடைக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் பெரும்பாலான கப்பல்களில் தடை.

சாப்பாட்டுப் பொருள்களிலும் கவனம் தேவை. வெளிநாட்டிலிருந்து பால், இறைச்சி சேர்ந்த பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுவரக் கூடாது. எனவே, பால்கோவா, வீட்டு நெய், பனீர் எல்லாம் வேண்டாம். சீல் பிரிக்காத முறுக்கு, கடலை மிட்டாய், பருப்புப் பொடி போன்றவை பிரச்னை தராது.

ஐரோப்பிய பிளக் பாயின்ட்டில் நம்மூர் மூன்று முனை பிளக் நுழையாது. இரண்டு உருண்டை முனை உள்ள அடாப்டர் தேவை. செயின்ட் பீட்டர்ஸ் பேராலயம் போன்ற தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பதால், பெண்கள் ஒரு துப்பட்டாவைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் ஒன்றிரண்டு இரவுகள் ‘ஃபார்மல்’ உடை இரவுகளாக இருக்கும். அதற்காக கோட் சூட் வாங்கத் தேவையில்லை. ஒரு பட்டுப் புடவையும் ஒரு நல்ல குர்தாவும் போதும். எல்லாவற்றையும்விட முக்கியம், நன்றாகப் பழகிய ஷூ. ஐரோப்பாவின் பழைய நகரங்கள் எல்லாம் கருங்கல் பதித்த தெருக்கள். புதுச் செருப்போடு போனால் முதல் நாளே கால் கொப்பளித்துவிடும்.

பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்து சேர மாலைகூட ஆகலாம். பாஸ்போர்ட், மருந்துகள், நகை, சார்ஜர், ஒரு மாற்று உடை ஆகியவை தோள்பையில் இருக்கட்டும்.

முதல் நாள் டிரில்... விளையாட்டல்ல!

கப்பலில் ஏறியதும் எல்லோருக்கும் பஃபே ஞாபகம்தான். ஆனால், முதலில் செய்ய வேண்டியது ‘மஸ்டர் டிரில்’. ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும், லைஃப் ஜாக்கெட்டை எப்படி மாட்ட வேண்டும் என்று காட்டும் பயிற்சி இது. இப்போது பல கப்பல்களில் அறை டி.வி-யிலோ, மொபைல் ஆப்பிலோ வீடியோ பார்த்துவிட்டு, உங்களுக்கான இடத்துக்கு நேரில் போய்ப் பதிவு செய்தால் போதும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? 2012 ஜனவரி 13 அன்று இரவு, 4,200-க்கும் மேற்பட்டோருடன் போன ‘கோஸ்டா கன்கார்டியா’ கப்பல் இத்தாலியின் ஜிலியோ தீவு அருகே பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் உயிரிழந்தனர். அன்று மாலைதான் சிவிட்டாவெக்கியாவில் நூற்றுக்கணக்கானோர் அதில் ஏறியிருந்தார்கள். 24 மணி நேரத்துக்குள் பயிற்சி கொடுத்தால் போதும் என்பது அப்போதைய விதி. அதனால் அவர்களுக்கு எங்கே போவது என்றே சொல்லித் தரப்படவில்லை. அதன் பிறகுதான், கப்பல் கிளம்பும் முன்போ, கிளம்பிய உடனேயோ பயிற்சி கட்டாயம் என்று சர்வதேச விதி மாற்றப்பட்டது.

ஏழு முறை குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி. இதுதான் அபாய அறிவிப்பு. குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். அறையிலிருந்து கூடும் இடத்துக்கு லிஃப்ட் இல்லாமல் படிக்கட்டு வழியாக ஒருமுறை நடந்து பார்ப்பது ஐந்து நிமிட வேலை. கூட வந்திருக்கும் பெரியவர்களால் அவ்வளவு படி இறங்க முடியுமா என்பதும் அப்போது தெரிந்துவிடும். முடியாது என்றால் ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். உதவிக்கு ஆள் ஏற்பாடு செய்வார்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு...

புக் செய்யும்போதே ‘இந்திய சைவ உணவு’ என்று குறிப்பிடுங்கள். கப்பல் ஏறிய முதல் இரவே உணவக மேலாளரிடம் நேரிலும் சொல்லுங்கள். வெறுமனே ‘வெஜிடேரியன்’ என்றால் முட்டை சேர்ந்த உணவு வரக்கூடும். ‘இறைச்சி, மீன், முட்டை மூன்றும் வேண்டாம்’ என்று தெளிவாகச் சொல்வது நல்லது. காய்கறி சூப்பில்கூட எலும்புச் சாறு சேர்ப்பதுண்டு, கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பல கப்பல்களில் கோவா, கேரளா, மும்பை என்று இந்திய ஊழியர்கள் நிறைய இருப்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், அடுத்த நாள் மேஜைக்கு ஒரு பருப்பு கறி வந்து சேர்ந்தாலும் ஆச்சர்யமில்லை.

கரையில் இறங்கும் நாள்: கடிகாரம்தான் எல்லாம்

கப்பல் மாலை 7 மணிக்குக் கிளம்பும் என்றால், 6.30 அல்லது 6 மணிக்கே எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். இதற்கு ‘ஆல் அபோர்ட்’ நேரம் என்று பெயர். இறங்கும் வாசலிலேயே எழுதி வைத்திருப்பார்கள். அதை போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு விஷயம், இத்தாலியைவிட கிரீஸ் ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். கப்பல் தன் கடிகாரத்தை மாற்றுகிறதா என்று தினமும் வரும் நிகழ்ச்சி நிரலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கப்பல் நிறுவனமே நடத்தும் டூரில் போனால் விலை அதிகம். ஆனால், பஸ் டிராஃபிக்கில் மாட்டினாலும் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனால் செலவு மிகக் குறைவு. ஆனால், கப்பல் காத்திருக்காது. இரண்டையும் கலந்து செய்வதுதான் புத்திசாலித்தனம். ரோம், ஃப்ளோரன்ஸ், பாரிஸ் போன்ற தொலைதூர ஊர்களுக்குக் கப்பலின் டூர். துறைமுகத்தை ஒட்டியே இருக்கும் நேப்பிள்ஸ், பலெர்மோ, வலேட்டா போன்ற ஊர்களில் தனியாக நடக்கலாம்.

ரோமுக்கு ரயிலில் தனியாகப் போவது என்று முடிவெடுத்தால், கணக்கு இப்படி இருக்கட்டும். கப்பல் காலை 7 மணிக்கு வருகிறது. இறங்கி, துறைமுக பஸ் பிடித்து, ஸ்டேஷன் போய், ரோம் சேர 10 மணி ஆகிவிடும். மாலை 6.30-க்குள் கப்பலில் இருக்க வேண்டும் என்றால், மதியம் 3.30-க்கு மேல் ரோமில் இருப்பது ஆபத்து. ஆக, கையில் இருப்பது ஐந்தரை மணி நேரம். அதில் கொலோசியம், வாடிகன் இரண்டையும் உள்ளே போய்ப் பார்க்க நினைத்தால் இரண்டும் அரைகுறையாகிவிடும். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே வாங்கிவிடுங்கள். வாடிகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி நடக்கும். முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள் என்பதால் முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், பிளாட்பாரத்தில் இருக்கும் மெஷினில் முத்திரை குத்திய பிறகே ஏற வேண்டும். மறந்தால் அபராதம்.

சாண்டோரினி போன்ற இடங்களில் கப்பல் கரையை ஒட்டாது, நடுக்கடலில் நிற்கும். சின்னப் படகில்தான் கரைக்குப் போக வேண்டும். அங்கிருந்து மலை மேலே உள்ள ஊருக்குக் கேபிள் காரில் போகலாம். இல்லையென்றால் கிட்டத்தட்ட 600 படிகள் ஏற வேண்டும். திரும்பும்போது கேபிள் கார் வரிசை மிக நீளமாக இருக்கும், எனவே சீக்கிரமே கிளம்பிவிடுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்களை, கடல் கொந்தளிப்பாக இருந்தால் படகில் ஏற்ற மாட்டார்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தும் கப்பலைத் தவறவிட்டுவிட்டால்? பதற்றம் வேண்டாம். தினசரி நிகழ்ச்சி நிரலில் அந்தத் துறைமுக ஏஜென்ட்டின் எண் இருக்கும். அந்தத் தாளைக் கையோடு எடுத்துப் போவது அதற்குத்தான். அவரைத் தொடர்புகொண்டால் அடுத்த துறைமுகத்தில் ஏற வழி சொல்வார். பயணச் செலவு உங்களுடையது. பாஸ்போர்ட்டைக் கப்பலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு. அதனால் பாஸ்போர்ட், விசா பக்கங்களின் நகல் எப்போதும் பையில் இருக்க வேண்டும்.

போன், பர்ஸ் பத்திரம்

கரையை விட்டு நகர்ந்ததும் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். நடுக்கடலில் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கில் போன் தானாகச் சேர்ந்துகொண்டால் கட்டணம் எகிறிவிடும். நீங்கள் வாங்கிய ஐரோப்பிய ரோமிங் பேக் அதற்குப் பெரும்பாலும் பொருந்தாது. கப்பலின் ஆப் மட்டும், வைஃபை பேக் வாங்காமலே பல கப்பல்களில் இயங்கும்.

கப்பலுக்குள் பணம் புழங்காது. அறைச் சாவியாக இருக்கும் கார்டிலேயே எல்லாம் ஏறும். தினமும் இரவில் கணக்கைப் பார்த்துவிடுங்கள். தவறு இருந்தால் அன்றே சொல்லித் திருத்தலாம். குழந்தைகளின் கார்டில் செலவு செய்யும் வசதியை நிறுத்தி வைக்கவும் கேட்கலாம். கரையில் பார்சிலோனாவின் லா ராம்ப்லா தெரு, ரோம் மெட்ரோ போன்ற இடங்களில் பிக்பாக்கெட் அதிகம். பின் பாக்கெட்டில் பர்ஸ் வேண்டவே வேண்டாம்.

உடம்பு முக்கியம்

கப்பலில் டாக்டர் இருப்பார். ஆனால், கட்டணம் மிக அதிகம். ஷெங்கன் விசாவுக்கே குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். நீங்கள் எடுக்கும் பாலிசி கப்பல் பயணத்துக்கும், கடலிலிருந்து அவசரமாக மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதற்கும், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய்க்கும் பொருந்துமா என்று படித்துப் பாருங்கள். மருந்துகளைச் சீட்டோடு, நான்கைந்து நாள்களுக்குக் கூடுதலாகவே எடுத்துச் செல்லுங்கள்.

கப்பலில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் வேகமாகப் பரவும். நோரோ வைரஸுக்கு சானிடைஸர் மட்டும் போதாது. சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கர்ப்பிணிகளை 24 வாரத்துக்கு மேல் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் பொதுவாக அனுமதி இல்லை.

விமானம் ஒரு நாள் முன்பே!

கப்பல் கிளம்பும் அதே நாள் காலையில் போய் இறங்குவது போல் விமான டிக்கெட் போடாதீர்கள். சென்னையிலிருந்து வளைகுடா வழியாக மாறிப் போகும்போது ஒரு விமானம் தாமதமானாலும் போதும், கப்பல் போய்விடும். ஒரு நாள் முன்பே போய் ஹோட்டலில் தங்குவதற்கு ஆகும் செலவு, மொத்தப் பயணத்தையும் இழப்பதைவிடக் குறைவுதான். திரும்பும் நாளிலும் மதியத்துக்குப் பிறகு கிளம்பும் விமானமே பாதுகாப்பு.

கடைசி இரவு பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் துறைமுகத்தில்தான் அவற்றை எடுக்க முடியும். மறுநாள் காலையில் போட வேண்டிய உடையையும் சேர்த்துப் பெட்டியில் வைத்துவிட்டு, நைட்டியோடும் லுங்கியோடும் முழிப்பவர்கள் உண்டு. அந்த ஒரு செட்டை மட்டும் மறக்காமல் வெளியே எடுத்து வையுங்கள்!

கிளம்பும் முன் ஒருமுறை சரிபாருங்கள்:

* பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாகிறதா?

* பயணத் திட்டத்தில் ஷெங்கன் அல்லாத நாடு இருக்கிறதா? இருந்தால், மல்டிபிள் என்ட்ரி விசாதானா?

* துறைமுகத்தின் உண்மையான பெயரும் ஊருக்குள்ள தூரமும் தெரியுமா?

* டிப்ஸ், வரி, டூர் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு?

* காப்பீடு கப்பலுக்கும் பொருந்துமா?

* பாஸ்போர்ட், விசா, காப்பீடு நகல்கள் வீட்டில் ஒருவரிடமும் இருக்கிறதா?

ஆறுக்கும் பதில் சரியாக இருந்தால், தாராளமாகக் கிளம்பலாம். அதன் பிறகு உங்கள் வேலை, மேல் தளத்தில் ஒரு நல்ல நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து கடலைப் பார்ப்பது மட்டும்தான். இனிய பயணத்துக்கு வாழ்த்துகள்!